கொடி பேசிய எழுத்துகள்: தளபதி ஆல்பர்ட் மையரின் பணி

மொழியை ஆராய்வோர் படைத்தலைவர்களின் வரலாற்றைப் பெரும்பாலும் நாடுவதில்லை. ஆயினும், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தளபதி ஒருவரின் வாழ்க்கை நம் துறையின் அடிப்படை வினா ஒன்றைத் தொட்டு நிற்கிறது. குறிகளின் கோவை எதுவும் மொழியாகிவிடுமா என்பதே அவ்வினா. அத்தளபதி ஆல்பர்ட் ஜேம்ஸ் மையர்.

1828இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த மையர், இளமையில் தந்தி இயக்குநராகப் பணியாற்றினார். பின்னர் மருத்துவம் பயின்று 1851இல் பட்டம் பெற்றார். அதற்கென அவர் எழுதிய ஆய்வேடு, செவிப்புலன் அற்றோர்க்கான புதியதொரு குறிமொழியைப் பற்றியது. தந்தியில் எழுத்துகள் தட்டல்களாக மாறுவதை நன்கறிந்த அவர், அத்தகைய தட்டல்களால் சொற்களை எழுத்துக்கூட்டி உணர்த்தலாம் எனக் கருதினார்.

1854இல் துணை மருத்துவராகப் படையிற் சேர்ந்து டெக்சாஸ் சென்றார். அப்பரந்த வெளியில், தட்டலைக் கொடியசைவாக மாற்றும் எண்ணம் உருப்பெற்றது. 1859இல் இராபர்ட் லீ தலைமையிலான குழு அதனை ஆராய்ந்தது. 1860இல் மையர் அமெரிக்கப் படையின் முதல் சமிக்ஞை அதிகாரியாக நியமனம் பெற்றார்.

அம்முறை எளிமையானது. நிமிர்த்திப் பிடித்த ஒற்றைக் கொடியை ஒரு பக்கம் சாய்த்தால் ஒரு குறி. மறுபக்கம் சாய்த்தால் மற்றொரு குறி. இவ்விரண்டின் வெவ்வேறு வரிசைகளே எழுத்துகள். முன்புறம் தாழ்த்தினால் சொல் முடிந்தது எனப் பொருள். இரவில் கொடிக்குப் பதிலாகத் தீப்பந்தம். தொலைவில் இருப்போர் தொலைநோக்கியால் பார்த்துப் படித்தனர். இடச்சாய்வுக்கோ வலச்சாய்வுக்கோ தனித்த பொருள் ஏதுமில்லை. ஒன்று மற்றொன்றிலிருந்து வேறுபடுவதே இங்குப் பயன்தருகிறது. ஒலியன்களைப் பற்றி மொழியியல் கூறும் உண்மையும் இதுவே.

1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. சோதனைகளில் மையருக்குத் துணைநின்ற எட்வர்ட் போர்ட்டர் அலெக்சாண்டர் தென்னவர் பக்கம் சேர்ந்தார். சூலை 21ஆம் நாள் புல் ரன் சமரில், வடவர் படை பக்கவாட்டில் சூழ்வதைக் கண்டு கொடியசைத்து எச்சரித்தவர் அவரே. மையரின் முறை மையரின் தரப்புக்கு எதிராகவே பயன்பட்டது. இருதரப்பாரும் அறிந்த குறிகளில் மறைபொருள் இல்லை. ஆகவே எழுத்துகளை மாற்றியமைக்கும் சுழல்தட்டுகள் தேவைப்பட்டன.

1863 மார்ச்சில் தனிச் சமிக்ஞைப் படைப்பிரிவு சட்டத்தால் நிறுவப்பட்டது. ஆனால், களத் தந்தியை யார் ஆள்வது என்ற பூசலில், அவ்வாண்டு நவம்பரிலேயே போர்த்துறைச் செயலர் எட்வின் ஸ்டாண்டன் மையரைத் தலைமைப் பதவியிலிருந்து நீக்கினார். அவரோ 1864இல் சமிக்ஞைக் கையேட்டை வெளியிட்டார். போருக்குப் பின் மீண்டும் தலைமை ஏற்றார். 1870 நவம்பர் 1ஆம் நாள், 24 நிலையங்களில் ஒரே நேரத்தில் எடுத்த வானிலைக் குறிப்புகள் தந்திவழி வந்து சேர்ந்தன. அமெரிக்கத் தேசிய வானிலைப் பணியின் தொடக்கம் அது. 1880இல் பிரிகேடியர் ஜெனரலாக உயர்ந்த அவர், அவ்வாண்டு ஆகஸ்டிலேயே மறைந்தார்.

இனி, நம் வினாவுக்குத் திரும்புவோம். மையரின் கொடி ஒரு மொழியன்று; ஆங்கில எழுத்துகளைக் காற்றில் எழுதிய கருவி. ஆங்கிலம் அறியாதவர்க்கு அக்கொடி எதையும் சொல்லாது. செவிப்புலன் அற்றோரின் சைகைமொழியோ அத்தகையதன்று. அதற்குத் தனிச் சொற்களும் தனித் தொடரமைப்பும் உண்டு; அது எந்தப் பேச்சுமொழியின் நிழலுமன்று. மையர் ஆய்வேடு எழுதிய காலத்திலேயே அமெரிக்காவில் அம்மொழி வழங்கிவந்தது. அதற்கும் பேச்சுமொழிபோல் உள்ளமைப்பு உண்டென வில்லியம் ஸ்டோக்கி 1960இல் நிறுவினார்.

கொடியசைவுக்கு ஒன்பதே ஆண்டுகளில் அரசின் ஏற்பு கிடைத்தது. மக்கள் கைகளில் உயிரோடு வழங்கிய மொழியோ, மொழியெனப் பெயர்பெறவே நூறாண்டுக்கு மேல் காத்திருந்தது. சிறுபான்மையோர் மொழியைக் குறையுடையதென எளிதில் தீர்ப்பளிக்கும் முன், நாம் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.