மளிகைக் கடையில் ஒரு படைத்தளபதி

புக்கிட் செலம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் சீனர் மளிகைக் கடையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அரிசி, பருப்பு, நெத்திலியைக் கடனுக்கு வாங்கி, சின்னஞ்சிறு '555' நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்து, சம்பளத்தன்று அடைத்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அந்தக் கடைகளில் சிவப்பு விளக்கு எரியும் மாடத்தில் சிவந்த முகமும் நீண்ட தாடியுமாக ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். "அது சீனர்களின் முனியாண்டி" என்பார் என் பாட்டி.

அவர் வரலாற்றில் வாழ்ந்த படைத்தளபதி. பெயர் குவான் யூ. மரியாதையாகக் 'குவான் கோங்' என்பார்கள். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன், ஹான் பேரரசு சிதைந்த காலத்தில், லியூ பெய் என்ற தலைவருக்காகப் போரிட்டவர்.

போர்வீரருக்கு மளிகைக் கடையில் என்ன வேலை? விடை கி.பி. 200இல் நடந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது. அந்த ஆண்டு, லியூ பெய்யின் எதிரியான சாவ் சாவிடம் குவான் யூ சிறைப்பட்டார். சாவ் சாவ் அவரைக் கொல்லவில்லை; பதவியும் பரிசும் தந்து தன் பக்கம் இழுக்கப் பார்த்தார். குவான் யூவோ, சாவ் சாவின் பகைவர் படைத்தலைவன் ஒருவனைப் போர்க்களத்தில் வீழ்த்தி, பெற்ற உதவிக்குக் கைம்மாறு செய்தார். பிறகு பரிசுகளை எல்லாம் அப்படியே முத்திரையிட்டு வைத்துவிட்டு, விடைபெறும் கடிதமும் எழுதிவைத்து, தன் தலைவரைத் தேடிப் போய்விட்டார். சாவ் சாவும் அவரைத் துரத்த வேண்டாம் என்று தடுத்துவிட்டார்.

பட்ட கடனை அடைத்தார். கொடுத்த வாக்கையும் காத்தார். வணிகர்களுக்கு இதைவிடப் பொருத்தமான காவல் தெய்வம் ஏது?

வெற்றிகளை மட்டும் எண்ணினால், ஹான் ஆட்சி அமையத் துணைநின்ற ஹான் சின் இவரைவிடப் பெரிய தளபதி. குவான் யூ கடைசிப் போரில் தோற்று, பிடிபட்டு, தலை துண்டிக்கப்பட்டவர். ஆனாலும் மக்கள் கும்பிடுவது இவரைத்தான். நமக்கு இது புரியாத விஷயமல்ல. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரனைத் தோட்டக் கோயில்களில் வைத்து வணங்குபவர்கள்தானே நாம்!

இன்று கைப்பேசியைத் தட்டினால் கணக்கு முடிந்துவிடுகிறது. '555' புத்தகம் அருகிவிட்டது. அதோடு கடைக்காரரிடம் நின்று பேசும் பழக்கமும் குறைந்துவிட்டது. தலைமுறைகளாகப் பக்கத்தில் வாழ்ந்தும் அவர்கள் கும்பிடும் சாமியின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. நம் வீரனின் கதை அவர்களுக்கும் தெரியாது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதிலுக்குச் சொல்ல நம்மிடமும் ஒரு கதை இருக்கிறது.