ஆதிச்சநல்லூர் வெண்கல விலங்கு உருவங்கள்

ஆதிச்சநல்லூர் வெண்கல விலங்கு உருவங்கள் என்பவை தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டில் கிடைத்த சிறு வார்ப்புகள் ஆகும். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் சுமார் 24 கி.மீ. தொலைவில் இவ்விடம் உள்ளது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. உள்ளூரில் இந்த மேட்டைப் 'பரம்பு' என்பர்.

1876-இல் ஜெர்மானியரான யாகோர் இங்கு அகழ்ந்தார். அவர் எடுத்தவை பெர்லின் சென்றன. பின்னர் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். அவர் எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1915-இல் அவரது பட்டியல் நூலாக வெளிவந்தது.

ரீ கவனித்த ஒரு வேறுபாடு முக்கியமானது. ஆயுதங்களும் கருவிகளும் இரும்பால் ஆனவை. வெண்கலமோ பெரும்பாலும் கலங்களுக்கும் அலங்காரத்திற்கும் பயன்பட்டுள்ளது. விலங்கு உருவங்களில் பல, வெண்கலக் கலங்களின் மூடிகளை அணிசெய்தவை. வீட்டு விலங்குகளில் எருமை, ஆடு, சேவல். காட்டு விலங்குகளில் புலி, மான், யானை. இவற்றோடு பறக்கும் பறவைகளும் உண்டு. நீண்டு வளைந்த கொம்புகளோடு நிற்கும் எருமையைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். ஆற்றங்கரை வயலிலும் முற்றத்திலும் அன்றாடம் கண்டவற்றையே அக்கால மக்கள் இறந்தவரோடு அனுப்பிவைத்திருக்கிறார்கள். சிறிய பெண் உருவம் ஒன்றும் கிடைத்துள்ளது.

பிற்காலச் சோழர் செப்புத்திருமேனிகளோடு இவற்றை ஒப்பிடுவது பயனுள்ளது. அங்கே விலங்கு பெரும்பாலும் இறைவனின் ஊர்தி. எருமையின் தலை துர்க்கையின் காலடியில் கிடக்கும். இங்கே எருமை யாருக்கும் ஊர்தியன்று, தானாகவே நிற்கிறது. மகாராட்டிரத்தின் தைமாபாத்தில் 1974-இல் கிடைத்த யானை, காண்டாமிருகம், எருமை ஆகிய வெண்கல உருவங்கள் இவற்றைவிடப் பெரியவை, எடை மிக்கவை.

இத்தகைய சிற்றுருவங்கள் மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்பட்டிருக்க வேண்டும். மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசிச் சுட்டால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவர். அச்சை உடைத்தே உருவத்தை எடுக்க வேண்டியிருப்பதால் ஒன்றைப் போல் மற்றொன்று அமையாது. ஆற்றின் பெயரில் தாமிரம் இருப்பதைக் காட்டி உலோகம் இங்கேயே கிடைத்தது என்று சிலர் கூறுவதுண்டு. ஆனால் வெண்கலத்திற்கு வெள்ளீயமும் வேண்டும். அது இப்பள்ளத்தாக்கில் கிடைப்பதில்லை. எனவே தொலைவணிகம் இருந்திருக்க வேண்டும்.

காலத்தைப் பற்றி எழுதும்போது ஒரு எச்சரிக்கை தேவை. 2004-05 அகழாய்வில் கிடைத்த மாதிரிகள் கரிமப் பகுப்பாய்வில் கி.மு. 905, கி.மு. 696 எனக் காலம் காட்டின. இவை அந்த மாதிரிகளின் காலமே. வெண்கலத்தில் கரிமம் இல்லை. ஆகவே ரீ எடுத்த எருமைக்கோ சேவலுக்கோ இந்த ஆண்டுகளை நேரடியாகப் பொருத்த இயலாது. இணையத்தில் பலர் அவ்வாறே பொருத்திவிடுகின்றனர்.

2021 அக்டோபரில் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழாய்வைத் தொடங்கியது. அகழ்ந்த குழிகளைக் கண்ணாடித் தளத்தின் வழியே காணும் களக் காட்சிக்கூடம் 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ரீ கண்டெடுத்த விலங்குகளைப் பார்க்க விரும்பும் நெல்லை மாணவர் மட்டும் எழும்பூருக்குத்தான் செல்லவேண்டும்.