தார் பூசிய பெட்டி, திறக்காத பெட்டி

பெரார்கஞ்சிலிருந்து அந்தமான் டிரங்க் ரோட்டில் வடக்கே போனால் ஜிர்காடாங் செக்போஸ்ட் வரும். அதற்கு அப்பால் மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஜாரவா பழங்குடியினரின் காடு. வண்டிகள் கான்வாயாகத்தான் போகலாம். நடுவில் நிறுத்தக்கூடாது, இறங்கக்கூடாது, முந்தக்கூடாது. கேட் திறக்கும் நேரம் பார்த்து செல்ஃப் எடுக்காமல் ‘டிக் டிக்’ என்று மட்டும் சொல்லும் வண்டிக்காரருக்கு அடுத்த கான்வாய்தான். பேட்டரியை எழுப்புவதா, புதிதாக வாங்குவதா என்ற கேள்வி எல்லா ஊரிலும் உண்டு. இங்கே அதற்கான பதிலில் காட்டுக்கும் கடலுக்கும் பங்கு இருக்கிறது.

ஜீப்பும் மரம் ஏற்றும் லாரியும் ஓடிய காலத்தில் பேட்டரி இறங்கியது ஒரு செய்தியே இல்லை. ஜீப்புக்கும் அம்பாசடருக்கும் முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்ற வழி இருந்தது. லாரியைச் சரிவாகப் பார்த்து நிறுத்துவார்கள். காலையில் இரண்டு பேர் தள்ளினால் போதும். பழைய டீசல் என்ஜினின் பம்ப் முழுக்க முழுக்க இயந்திர வேலை. ஒருமுறை உருமிவிட்டால் ஓடுவதற்கு மின்சாரமே தேவையில்லை. இரவில் விளக்கு மங்கலாக எரியும், அவ்வளவுதான்.

அந்தக் காலப் பேட்டரியே வேறு மாதிரி. கறுப்பு எபோனைட் பெட்டி. மேலே தார் ஊற்றி மூடியிருக்கும். ஆறு செல்லையும் இணைக்கும் ஈயப் பட்டைகள் வெளியே தெரியும். அதனால் எந்த செல்லில் கோளாறு என்று வோல்ட்மீட்டரை ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்துவிடலாம். பேட்டரிக்கடைக்காரர் தாரைச் சூடுகாட்டி இளக்குவார், பட்டையை அறுப்பார், கெட்ட செல்லின் பிளேட்டுகளை மட்டும் தூக்கிவிட்டு வேறு வைப்பார். ஈயத்தை உருக்கிப் பற்றவைத்து மறுபடி தாரை ஊற்றுவார். பழையதை ‘எழுப்புவது’ என்றால் உண்மையிலேயே எழுப்புவதுதான். பிளேட் வெள்ளை பூத்துப்போயிருந்தால் ஆசிட்டைக் கொட்டிவிட்டு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிச் சின்ன கரண்டில் நாள்கணக்கில் சார்ஜ் போடுவதும் உண்டு. இதை ஒரு பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஈயப் புகையைச் சுவாசித்துக்கொண்டு, கொட்டிய ஆசிட் மண்ணில் ஊறுவதைப் பார்த்துக்கொண்டு செய்த வேலை அது. ஆனால் கல்கத்தா, சென்னை, விசாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வந்தால்தான் சாமான் என்றிருந்த தீவில் இருப்பதைத் திறந்து சரிசெய்யாமல் என்ன செய்வது?

இன்றைய பேட்டரியைத் திறக்க முடியாது. பாலிபுரொப்பிலீன் பெட்டி, சூட்டில் ஒட்டிய மூடி. செல்களின் இணைப்பு சுவர் வழியாக உள்ளுக்குள்ளேயே போகிறது. இதைவிடப் பெரிய மாற்றம் பிளேட்டுக்குள் இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. முன்பு ஈயத்தோடு ஆன்டிமனி சேர்த்து வார்த்தார்கள். அது தண்ணீரைக் குடிக்கும். அடிக்கடி மூடியைத் திறந்து ஊற்ற வேண்டும். ஆனால் அடியோடு இறங்கினாலும் ஓரளவு தாங்கி மீளும். இப்போது கால்சியம். தண்ணீர் கேட்காது, சும்மா நிறுத்தினாலும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் இரண்டு மூன்று முறை முழுக்க வடிந்தால் பழைய பலம் வராது. பராமரிப்பு வேண்டாம் என்று வாங்குகிறோம். அதற்கு விலையாக, பட்டினி தாங்கும் குணத்தை விட்டுக்கொடுத்திருக்கிறோம்.

இந்தப் பட்டினிக்கு இன்றைய கார் நன்றாக வழிசெய்கிறது. சாவியை எடுத்த பிறகும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 40 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்-அவர். சின்ன காரின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரு மாதத்தில் காலி. செல்ஃப் எடுக்கும் தெம்பு அதற்கு முன்பே போய்விடும். கப்பலேறி ஊருக்குப் போய் ஒன்றரை மாதம் கழித்துத் திரும்புகிறவர் கேட்டைத் திறந்ததும் காண்பது இதைத்தான். புழுக்கமும் சும்மா விடாது. பேட்டரி தானாக வடிவது வெயிலில் வேகமாகிறது.

தள்ளலாமே என்றால், பலிக்காது. பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் மின்சாரம் வேண்டும். ஆல்டர்னேட்டர் வேலையைத் தொடங்கவே கொஞ்சம் கரண்ட் கேட்கும். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் பேச்சே இல்லை.

சரி, இப்போது எழுப்ப முடியாதா? முடியும், சில சமயம். விளக்கை அணைக்க மறந்து ஒரே இரவில் இறங்கியதா, மாதக்கணக்கில் கிடந்து இறங்கியதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. ஒரே இரவு என்றால் பிளேட்டில் படிந்த ஈய சல்பேட் இன்னும் மென்மையாக இருக்கும், கரையும். மாதக்கணக்கு என்றால் அது கெட்டியான படிகமாக இறுகியிருக்கும். அதற்கு எப்சம் உப்பு, மாத்திரை என்று உலகம் முழுக்கச் சொல்லும் வைத்தியங்களை நான் நம்புவதில்லை.

எழுப்புகிறவர் பொறுமையாக எழுப்ப வேண்டும். 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 3.5 ஆம்பியருக்கு மேல் போகாமல், ஒரு முழு ராத்திரி. ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் பீடி கூடாது; சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்துவிட்டு விம்பர்லிகஞ்ச் வரை ஒரு ரவுண்டு ஓட்டினால் ஏறிவிடும் என்பது பலரின் எண்ணம். ஆல்டர்னேட்டர் இருப்பதைக் காப்பதற்குத்தான். காலிப் பாத்திரத்தை அது நிரப்பாது, சூடாகித் தானும் கெடும். இன்னொரு வேடிக்கை: புதிய ‘ஸ்மார்ட்’ சார்ஜர்கள் பல, அடியோடு இறங்கிய பேட்டரியைப் பேட்டரியாகவே ஏற்றுக்கொள்வதில்லை. எதையும் கேட்காமல் கரண்டைத் தள்ளும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர்தான் அங்கே உதவும், ஆள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால்.

சார்ஜ் முடிந்து சில மணி நேரம் கழித்து மீட்டர் 12.6 காட்டினால், மறுநாள் காலையும் அங்கேயே நின்றால், வண்டியில் மாட்டலாம். 10.5 என்றால் ஒரு செல் போய்விட்டது. ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், கணக்கு கையிலேயே இருக்கிறது. தார் காலமாக இருந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றியிருப்பார்கள். இப்போது ஆறையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். எழுப்பிய பேட்டரியானாலும் பாம்பூ ஃபிளாட் ஜெட்டிக்கும் கடைத்தெருவுக்கும் ஓட்ட அதை வைத்துக்கொள்ளலாம். கான்வாயில் போகிற வண்டிக்கு நான் அதை நம்பமாட்டேன். அங்கே காசைப் பார்க்காமல் மாற்றிவிடுவதே சரி.

மாற்றினாலும் வேலை முடியவில்லை. பழையதைக் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். 2001இல் வந்த விதிகளே பழைய பேட்டரியைத் திரும்பப் பெறச் சொல்லின; 2022இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் இன்னும் அழுத்தமாக வைத்திருக்கின்றன. பழைய பேட்டரிக்குள் இருக்கும் ஈயம் மறுபடி பேட்டரியாக வேண்டுமானால் உருக்காலை உள்ள மெயின்லேண்டுக்கு, வந்த கடல் வழியே திரும்பிப் போக வேண்டும். கொல்லையில் தென்னையடியில் கிடத்தி வைத்தால் மழைக்காலத்தில் அதன் ஆசிட் கிணற்றுப் பக்கம் இறங்கும்.