வீட்டில் காய்கறி நடப் போறீங்களா? முதலில் வெயில் எந்தப் பக்கம் என்று பாருங்கள்!

பிப்ரவரி, மார்ச் வந்தால் போதும். "வசந்தம் வந்தாச்சு, இந்த வாரமே விதை போடுங்க" என்று சமூக ஊடகத்தில் காணொளிகள் குவியும். பார்த்தால் நமக்கும் ஆசை வரும்.

ஆனால் அவை பனி உருகும் நாடுகளுக்கானவை. அவற்றில் வரும் பிரோக்கொலி, பச்சைப் பட்டாணி எல்லாம் குளிர் கேட்கும் செடிகள். நம் தாழ்வாரத்தில் அவற்றுடன் மல்லுக்கட்ட வேண்டாம்.

அப்போ சிங்கப்பூரில் நடுவதற்குப் பருவமே இல்லையா?

இருக்கு. அது உங்கள் வீடு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது.

நாம் பூமத்திய ரேகைக்குச் சுமார் 1 பாகை வடக்கே இருக்கிறோம். மார்ச் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே.

அதனால் வடக்கு பார்த்த தாழ்வாரத்தில் ஜூன் வாக்கில் நேரடி வெயில் விழும். டிசம்பரில் நிழல்தான். தெற்கு பார்த்த வீட்டில் இது அப்படியே தலைகீழ். கிழக்கு, மேற்கு பார்த்த வீடுகளுக்கு ஆண்டு முழுவதும் அரை நாள் வெயில் கிடைக்கும், எதிர் புளோக் மறைக்காவிட்டால்!

இது தெரியாமல் நான் ஒரு ஜனவரியில், வடக்கு பார்த்த எங்கள் வீட்டு வாசலில் மிளகாய் போட்டேன். நாற்று நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிட்டது. "மண்ணு சரியில்ல" என்றார் அம்மா. உரமும் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மே மாதம் அதே மண்ணில், அதே தொட்டியில் மறுபடியும் விதைத்தேன். செடி நிமிர்ந்து நின்றது. வெளிச்சம் போதாத செடிக்கு உரம் உதவாது.

விதை வாங்குமுன் ஒரு விடுமுறை நாளில் மணிக்கு ஒருமுறை வாசலைப் படமெடுங்கள். நேரடி வெயில் எத்தனை மணி நேரம் என்று எண்ணுங்கள்.

சுமார் 6 மணி நேரம் இருந்தால் மிளகாய், வெண்டை, கத்தரி. 4 மணி நேரம் என்றால் கங்கோங், கீரை, சாய் சிம். அதற்கும் குறைவா? புதினா, பாண்டான் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

முதல்முறை நடுவோருக்கு என் தேர்வு கங்கோங். ஈரச்சந்தையில் வாங்கியதன் அடித்தண்டைத் தண்ணீரில் வைத்தாலே சில நாளில் வேர்விடும். பிறகு மண்ணில் நடலாம். வெட்ட வெட்டத் துளிர்க்கும். பிப்ரவரியில் வறண்ட காற்று வீசும்போது மட்டும் தொட்டி சீக்கிரம் காய்ந்துவிடும். தினமும் விரலால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

தண்ணீர் என்றதும் ஓர் எச்சரிக்கை. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுமையாக வளர ஒரு வாரம் போதும். தொட்டித் தட்டிலும், தண்டு வைத்த பாத்திரத்திலும் நீர் தேங்கவிடாதீர்கள். கொசு பெருகினால் அபராதம் உண்டு.

வீவக தாழ்வாரத்தில் தொட்டி வைத்தாலும் நடந்துசெல்ல 1.2 மீட்டர் வழி காலியாக இருக்கவேண்டும். கைப்பிடிச் சுவர்மேல் வைக்கவே கூடாது. கீழே யார் போகிறார்கள் என்று தெரியாது அல்லவா?

வீட்டில் வெயிலே இல்லையென்றால் தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்களில் வாடகைக்கு விடும் தோட்டப் பாத்திகளைப் பாருங்கள். ஒரு பாத்தி 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். அங்கே வெண்டைக்காயே போடலாம்.