இராமானுஜன் விட்ட எண்

பொழியூரில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் என் பேத்தி ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். 60-இன் காரணிகளை எழுதும்போது 15-ஐ விட்டுவிட்டாளாம். "எனக்குக் கணக்கு வராது தாத்தா" என்றாள். அவளுக்குச் சொன்னதை அன்பர்களுக்கும் சொல்கிறேன்.

நம் கடற்கரையில் 12 மீனை இருவர், மூவர், நால்வர், அறுவர் சண்டையின்றிப் பங்கிடலாம். 13 என்றால் தகராறுதான்! 12-க்கு ஆறு காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. இத்தகையவை மிகுபகு எண்கள். கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்தபோது 1915-இல் இவற்றை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அதற்காக 1916-இல் பட்டமும் பெற்றார். அதில் 102 எண்களைக் கையால் கணக்கிட்டுப் பட்டியலிட்டார். இடையில் ஒன்று விட்டுப்போயிற்று: 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600!

2-ஐ ஆறு முறையும், 3-ஐ நான்கு முறையும், 5, 7 இரண்டையும் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் பெருக்கினால் இந்த எண் வரும். அந்த 'முறை'களோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2. காரணிகள் 5040. வேடிக்கை என்னவென்றால், 5040-உம் மிகுபகு எண். அதன் காரணிகள் 60. நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தார்களே, அதே 60! அதற்குக் காரணிகள் 12.

"அவரும் ஒன்றை விட்டாரா தாத்தா?" என்றாள் பேத்தி. கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தாள். இம்முறை 15 இருந்தது.