உழைத்தோர் விட்டுச்சென்ற சுவர்கள்

இடிபாடுகள் என்றதும் அரசரின் கோட்டைகளும் கோயில்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. தொழிலாளர் விட்டுச்சென்ற சுவர்களும் வரலாறே என்பதற்கு அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரை நான் சான்றாகக் காட்டுவேன்.

அந்நகரின் நடுவே மிசிசிப்பி ஆறு புனித அந்தோனியார் அருவியாக வீழ்கின்றது. அந்நீரைக் கால்வாய் வழியே கொணர்ந்து, ஆழ்குழிகளில் வீழ்த்திச் சுழலிகளை இயக்கினர். கோதுமை அரைபட்டது, உழைத்த நீர் நிலத்தடி வழியாக மீண்டும் ஆற்றை அடைந்தது.

1878 மே 2ஆம் திகதி, வாஷ்பேர்ண் ‘ஏ’ ஆலையில் காற்றிற் கலந்திருந்த மாத்தூசு தீப்பற்றி வெடித்தது. பதினெட்டுத் தொழிலாளர் மாண்டனர். நாளும் கையாண்ட மாவே அவர்களுக்குக் கூற்றாயிற்று! 1880இல் மீண்டும் எழுந்த ஆலையில் தூசை அகற்றும் பொறிகள் அமைந்தன. 1882 செப்டெம்பர் 5ஆம் திகதி, அதே அருவியின் விசை அப்டன் தீவிலிருந்து நகர வீதிக்கு மின்னொளியும் ஈந்தது.

1965இல் மூடப்பட்ட ஆலை 1991இல் தீக்கிரையாயிற்று. எஞ்சிய சுவர்களை நகரத்தார் இடித்தொழிக்கவில்லை. அவற்றினுள்ளேயே 2003இல் அருங்காட்சியகம் திறந்தனர். மண்மூடிக் கிடந்த கால்வாய்களையும் அகழ்ந்து காட்டினர்.

அரண்மனை எழுப்பிய மன்னரைப் போற்றுகின்றோம். ஊருக்கு உணவும் ஒளியும் தந்து மறைந்தோரின் கற்களையும் காப்பதன்றோ நன்றியறிதல்?