உலர்ந்தபின் தொடங்கும் ஆபத்து

ஹைதராபாத் நகரின் விடியற்காலை நடையாளர்களுக்கு உரியது. ஹுசைன் சாகர் ஏரிக்கரையிலும், கே.பி.ஆர். பூங்காவின் வெளிச்சுற்றுப் பாதையிலும், குடியிருப்புகளின் உட்சாலைகளிலும் முதியோரும் இளையோரும் நடைபயில்கின்றனர். அவர்களுள் பலர் தாம் வளர்க்கும் நாயையும் உடன் அழைத்து வருகின்றனர். வீட்டு முற்றங்கள் மறைந்து அடுக்குமாடிகள் பெருகிவிட்ட நகரத்தில், நாயின் காலைக்கடனுக்குத் தெருவோரமே இடமாகிவிட்டது. அக்கழிவைக் கண்டால் முகஞ்சுளித்து ஒதுங்குகிறோம். வெயிலில் உலர்ந்து உதிர்ந்ததும் மறந்துவிடுகிறோம். நாம் மறக்கும் அவ்வேளையில்தான் நோயின் வேலை தொடங்குகிறது.

நோய்க்குக் காரணம் நாற்றம் அன்று என்னும் பாடத்தில் இந்நகருக்கும் பங்கு உண்டு. 1897 ஆகஸ்ட் 20 அன்று, செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 'கெட்ட காற்று' என்னும் பொருளிலேயே அந்நோய்க்குப் பெயர் வழங்கி வந்தது. கண்ணுக்குப் புலப்படாத உயிரியே அதற்குக் காரணம் என்பதை நிறுவும் பாதையில் ராஸின் கண்டுபிடிப்பு பெரும் படியாயிற்று. 1902இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

மண்ணில் மறைந்திருப்பவை

நாயின் குடலில் வாழும் டாக்சோகாரா என்னும் உருளைப்புழுவின் முட்டைகள் கழிவோடு வெளியேறுகின்றன. அப்போது அவற்றால் நோயை உண்டாக்க இயலாது. ஒன்று முதல் நான்கு வாரங்கள் மண்ணில் கிடந்து முதிர்ந்த பின்னரே அவை தொற்றும் தன்மையைப் பெறுகின்றன. அதற்குள் கழிவின் சுவடே மறைந்திருக்கும். நிழலும் ஈரமும் உள்ள மண்ணிலோ முட்டைகள் பல மாதங்கள், சில இடங்களில் ஆண்டுக்கணக்கிலும், உயிர்ப்புடன் இருக்கும். அம்மண்ணில் விளையாடிய குழந்தை கைகழுவாமல் விரலை வாயில் வைத்தால் போதும். குடலில் பொரிக்கும் இளம்புழுக்கள் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் செல்லக்கூடும்; அரிதாகக் கண்ணை அடைந்து பார்வையையே பறித்துவிடவும் கூடும்.

கொக்கிப்புழுவின் வழி வேறு. வெப்பமும் ஈரமும் நிறைந்த மண்ணில் அதன் முட்டை ஓரிரு நாட்களில் பொரிக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைக்கும் வலிமை பெறும். தோலின் கீழ் அது ஊர்ந்த தடம் சிவந்த கோடாக எழுந்து, கடும் அரிப்பைத் தரும்.

எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழு இன்னும் கொடியது. ஆடு, மாடுகளின் வேகாத ஈரல், நுரையீரல் ஆகியவற்றைத் தின்னும் நாய்களுக்கு அது தொற்றுகிறது. அதன் முட்டைகள் வெளிவரும்போதே நோய் பரப்ப வல்லவை. அவை மனிதரை அடைந்தால், கல்லீரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டிகள் ஆண்டுக்கணக்கில் அறிகுறியின்றி வளரும்.

மழைக்காலத்தில் தெருவோரக் கழிவு கால்வாய்கள் வழியே ஏரிகளைச் சேர்கிறது. அதிலுள்ள கிருமிகள் நீரையும் மாசுபடுத்துகின்றன.

நம் பங்கு எது?

'தெருநாய்கள் இத்தனை இருக்க, வளர்ப்பு நாயை மட்டும் குறை கூறுவது முறையா?' என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தெருநாய்களின் பொறுப்பு உள்ளாட்சியைச் சார்ந்தது. நம் கையில் வார்பிடித்து வரும் நாயின் பொறுப்போ நம்மையே சார்ந்தது. நியூயார்க் நகரில் நாயின் கழிவை உரிமையாளரே அகற்ற வேண்டும் என்னும் சட்டம் 1978 முதல் நடைமுறையில் உள்ளது. ஹைதராபாத்திலும் நல்ல முன்மாதிரி உண்டு. குப்பை கொட்டப்பட்டுவந்த 1.3 ஏக்கர் நிலத்தை, கொண்டாப்பூரில் நாய்களுக்கென்றே ஒரு பூங்காவாக மாநகராட்சி மாற்றி 2018இல் திறந்தது.

நாம் செய்ய வேண்டியவை சிலவே:

• நடைக்குப் புறப்படும்போது பழைய செய்தித்தாளையோ உறையையோ உடன் எடுத்துச் செல்லுதல். கழிவை அப்போதே அகற்றுதல்.

• அகற்றிய கழிவை உறையின்றிக் கழிப்பறையில் கொட்டி நீர் விடுதல், அல்லது குடியிருப்பினர் கூடி முடிவு செய்த மூடியிட்ட தொட்டியில் சேர்த்தல். பூந்தொட்டிக்கோ வீட்டு உரக்குழிக்கோ அது உகந்ததன்று. அங்குள்ள வெப்பம் புழு முட்டைகளை அழிக்கப் போதாது.

• கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி குடற்புழு நீக்க மருந்து அளித்தல். தாயின் வயிற்றிலேயே உருளைப்புழு தொற்றுவதால், குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலேயே இதைத் தொடங்க வேண்டும்.

• வேகாத இறைச்சிக் கழிவை நாய்க்கு இடாதிருத்தல்.

• மண்ணில் விளையாடிய குழந்தைகளைச் சோப்பிட்டுக் கைகழுவச் செய்தல். காலணியின்றி அங்கு விளையாட விடாதிருத்தல்.

உருளைப்புழுவின் முட்டை முதிர வாரங்கள் தேவை. கழிவை அகற்ற நமக்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நாளைக் காலை நாம் ஒதுக்கினால், அடுத்த மாதம் அதே மண்ணில் விளையாடும் குழந்தைக்கு அது காவலாக அமையும்.